தேயிலைத்தூள் அறிந்த கைகளுக்குப் பழத்தூள்

வட்டகொடையில் ஆனைக்கொய்யா காலம் வந்துவிட்டால் இரவில் நிம்மதியான தூக்கம் கிடையாது. லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்திலிருந்து பழம் கழன்று தகரக் கூரையில் விழும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை திடுக்கிட்டு அழும். விடிந்து பார்த்தால் நாய் தின்றது போக மிச்சம் வாசலெங்கும் சிதறிக் கிடக்கும். கூட்டி அள்ளி மரக்கறிப் பாத்தியில் கொட்டுவோம். நல்லதாகப் பார்த்துப் பறித்துச் சாக்கில் கட்டிவைத்ததை வியாபாரி வந்து, தான் சொன்ன விலைக்கு எடுத்துப்போவார். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடைப்பட்ட இந்த மலைச் சரிவில் கொய்யா, பேரிக்காய், மரத்தக்காளி, கொடித்தோடை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இரவில் அழுத அதே பிள்ளைக்குக் காலையில் கடையில் ஒரு பணிஸ் வாங்கிக் கையில் கொடுத்து, பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் தாய் மலைக்கு ஏறுகிறாள். அந்தப் பணிஸின் உறையை எடுத்துப் படித்துப் பாருங்கள். கோதுமை மா, சீனி, மாஜரின் என்று வரிசையாக வந்து, கடைசியில் சின்ன எழுத்தில் குழம்பாக்கி என்று ஒரு சொல்லும் 471, 322 போன்ற எண்களும் இருக்கும். கூரையில் விழுந்து அழுகும் பழத்துக்கும் உறையிலுள்ள இந்த எண்ணுக்கும் உறவு உண்டு: பழத்தைக் காயவைத்து அரைத்த தூளும் குழம்பாக்கியின் வேலையைச் செய்யும். அந்த உறவை வேறு யாரும் எடுத்துக்கொள்ளும் முன் மலையகம் தன் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குழம்பாக்கி என்றும் பால்மமாக்கி என்றும் இரண்டு பெயர் புழங்குகிறது. பெயர்தான் புதிது, வேலை நம் அடுப்படியில் என்றும் நடப்பது. தேங்காய்ப்பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது? அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. எண்ணெயும் நீரும் சேராது என்றாலும், தேங்காயிலேயே உள்ள புரதம் ஒவ்வொரு துளியையும் போர்வைபோல் சுற்றி நிற்பதால் அவை ஒன்றையொன்று பிடித்துத் திரள முடியாமல் நீரிலேயே பரவி நிற்கின்றன. அளவுக்கு மேல் கொதித்தால், அல்லது புளி கூடினால், அந்தப் போர்வை குலைகிறது. பால் திரிகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. முதல் பாலைக் கடைசியில் விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே ஒரே கொதியில் இறக்கு என்று அம்மா சொன்னதன் பொருள் இவ்வளவுதான்.

முட்டை மஞ்சட்கருவில் அந்தப் போர்வை வேலையைச் செய்வது லெசித்தின். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்லி என்ற பிரெஞ்சு மருந்தாளர் அதைப் பிரித்தெடுத்து, மஞ்சட்கருவுக்கான கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். இன்று உறைகளில் 322 என்று வருவது அதுதான். பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 471 என்பது எண்ணெய், கொழுப்புகளிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. ஐஸ்கிறீம் வழவழப்பாக இருப்பதற்கும், சொக்லேட் அச்சில் சீராக ஓடுவதற்கும், கேக் மறுநாளும் மெத்தென்று இருப்பதற்கும் இப்படி ஏதாவது ஒன்று காரணம். இவற்றில் ஒரு சிட்டிகைகூட இந்த மலையில் விளைந்ததல்ல.

இந்த எண்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும். 2015இல் ‘நேச்சர்’ இதழில் பெனுவா சாசெங், ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொலிசோர்பேட் 80, கார்பொக்சிமெதில் செலுலோஸ் என்ற இரண்டு குழம்பாக்கிகளை எலிகளுக்குக் கொடுத்தபோது குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை மாறியது, குடற்சுவரில் மெல்லிய அழற்சி தோன்றியது, உடற்பருமனும் கூடியது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு பிரான்சில் ஏறத்தாழ ஒரு லட்சம் பெரியவர்களின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்து பார்த்துவந்த நியூட்ரிநெட்-சாந்தே ஆய்வு, சில குழம்பாக்கிகளை அதிகம் உட்கொண்டவர்களிடம் இதயநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பழத்தூளுக்குக் கொடி பிடிப்பது நேர்மையாகாது. நீரிழிவோடு தொடர்பு காட்டிய பட்டியலில் கொத்தவரை விதைப் பசையான குவார் கம்மும் மரப்பிசினான அரபுப் பிசினும் இருந்தன. இரண்டும் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வருபவை. ஆகவே இயற்கை என்று எழுதிவிட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பழத்தூளைப் பற்றி நான் சொல்வது வேறு. பிரித்தெடுத்த ஒற்றைப் பொருளாக வராமல், நார், புரதம், நிறம், மணம் எல்லாம் சேர்ந்த உணவாகவே அது வருகிறது. ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒளியாமல் கொய்யா என்றே உறையில் எழுதலாம். தாய் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

அரபுப் பிசினைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. சூடானின் வறண்ட நிலத்தில் வேலமரப் பட்டையைக் கீறி, வடிந்து உறையும் பிசினைக் கையால் பொறுக்குகிறார்கள். உலகக் குளிர்பானங்களில் வாசனை எண்ணெய் மேலே மிதக்காமல் கலந்து நிற்பது பெருமளவு அந்தப் பிசினால்தான். 1997இல் அமெரிக்கா சூடான்மீது பொருளாதாரத் தடை விதித்தது. அந்தத் தடையிலும் இந்தப் பிசினுக்கு விலக்குக் கிடைத்தது. அவ்வளவு தேவைப்பட்ட பொருள் அது. பொறுக்கியவர்களோ ஏழைகளாகவே இருந்தார்கள். கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனிப் பழத்துக்கு வருவோம். கொய்யாவைச் சீனி போட்டுக் காய்ச்சினால் வேறெதுவும் சேர்க்காமலே ஜாம் இறுகிவிடும். அதைச் செய்வது பெக்டின். பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை. பிரெஞ்சுக்காரரான பிரகொன்னோ 1825இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். நம் மூதாதையர் மன்னாரில் இறங்கி மாத்தளைக் காட்டை நோக்கி நடக்கத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. 2023இல்தான் அந்த நடையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். தோடம்பழத் தோலை உலர்த்தினால் அதன் எடையில் 20 முதல் 30 வீதம் வரை பெக்டின் இருக்கும். சாறு பிழிந்த அப்பிள் சக்கையில் 10 முதல் 15 வீதம். கொய்யாவிலும் கொடித்தோடைத் தோலிலும் அது தாராளம்.

பழத்தூள் எண்ணெயைத் தாங்குவது ஒரு வழியில் மட்டுமல்ல. பெக்டினோடு ஒட்டியிருக்கும் சிறிதளவு புரதம் எண்ணெய்த் துளியைப் பற்றிக்கொள்கிறது. நீளமான பெக்டின் இழை நீர்ப்பக்கம் விரிந்து நின்று அடுத்த துளியை நெருங்க விடாமல் தடுக்கிறது. அதோடு, நீரில் ஊறிய நார் வலைபோல் விரிந்து நீரைக் கெட்டியாக்குவதால் துளிகள் மேலே ஏற நேரம் பிடிக்கிறது. மூன்றாவது வழிதான் என்னை வியக்கவைத்தது. கரையாத நுண்துகள்களே எண்ணெய்த் துளியைச் சுற்றிக் கல் அடுக்கியதுபோல் நின்று காவல் காக்கின்றன. 1903இல் ராம்ஸ்டன் இதைக் கவனித்தார். 1907இல் விரிவாக எழுதிய பிக்கரிங்கின் பெயரே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் வோபர்ன் பழத்தோட்ட ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர் பிக்கரிங். பழமரங்களைத் தாக்கும் பூச்சிக்குத் தெளிக்க, எண்ணெயை நீரில் கலப்பது எப்படி என்று தேடியபோதுதான் அவர் இதில் இறங்கினார். பழமரத்துக்காகத் தொடங்கிய அந்த அறிவு இன்று பழத்தின் தூளிலேயே வந்து நிற்கிறது. மேலைநாடுகளில் தோடம்பழச் சாறு பிழிந்த தோலை உலர்த்தி, அரைத்து, சிட்ரஸ் நார் என்ற பெயரில் விற்கிறார்கள். முட்டை குறைத்த மயோனிஸிலும் இறைச்சி உணவுகளிலும் அது போகிறது.

போன பருவத்தில் அண்ணியும் நானும் இதை வீட்டிலேயே செய்து பார்த்தோம். அரைப்பழமான கொய்யாவை விதை நீக்கி, மெல்லிய சீவலாக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, பகலில் வெயிலிலும் இரவில் அடுப்புக்கு மேல் பரணிலும் வைத்தோம். நாலாம் நாள் ஒடித்தால் சடக்கென்று முறிந்தது. அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்தோம். கொடித்தோடைத் தோலை இரண்டு முறை வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டு அதேபோல் காயவைத்தோம். மூன்று ஜாம் போத்தல்களை எடுத்து, மூன்றிலும் நீரும் மரக்கறி எண்ணெயும் ஊற்றினோம். எங்கள் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்துவிடும். ஒன்றில் எதுவும் போடவில்லை. ஒன்றில் கொய்யாத்தூள், ஒன்றில் கொடித்தோடைத் தூள். மூடிக் குலுக்கினோம். சும்மா குலுக்கிய போத்தலில் தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் எண்ணெய் மேலே வந்துவிட்டது. கொய்யாப் போத்தல் மாலைவரை மோர்போல் நின்றது. அடியில் கொஞ்சம் மண்டி, மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஆடை. கொடித்தோடைப் போத்தல் மறுநாள் காலையிலும் கலையவில்லை. நிறம்தான் சாம்பல் கலந்த ஊதா, பார்க்க அழகாயில்லை.

“அப்ப ஆனைக்கொய்யா?” என்று அண்ணி கேட்டார். அதையும் முயன்றோம், சரிவரவில்லை. அதில் எண்ணெயே அதிகம் என்பதால் தூளாக உதிராமல் பிசுபிசுத்தது, சில நாளில் சிக்கு வாடை வந்துவிட்டது. கூரையில் விழும் பழத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய நான் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த வேலைக்கு உதவுவது நாம் சாறு பிழிந்துவிட்டு வீசும் தோல், சக்கை, விலைபோகாத அரைக்காய் ஆகியவையே. சாறு நிறைந்த சதையில் சீனி அதிகம். காயவைத்தால் பிசினாகும், தூளாக்கினாலும் காற்றில் ஈரம் உறிஞ்சிக் கட்டியாகும். தோலுக்கும் சக்கைக்கும் அந்தத் தொல்லை குறைவு. நன்றாகப் பழுத்த பழத்தில் நொதிகள் பெக்டினை உடைத்துவிடுவதால் அரைப்பழமே மேல். நொதியை அடக்கத்தான் அந்த ஒரு நிமிடக் கொதிநீர்.

தடைகள் இன்னும் உண்டு. பழத்தூள் புளிக்கும்; பாலில் நேரடியாகப் போட்டால் பாலே திரியலாம். பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் குணம் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பணிஸ் கேட்கும் பேக்கரிக்காரருக்கு அது தலைவலி. பணிஸில் 471 செய்வது எண்ணெயைக் கலக்கும் வேலை மட்டுமல்ல, மாச்சத்தோடு சேர்ந்து பாண் விறைக்காமலும் காக்கிறது. பழநார் நீரைப் பிடித்துவைத்து அதில் ஒரு பங்கைத்தான் செய்யும். கொடித்தோடைத் தோலில், முக்கியமாகக் காயாக இருக்கும்போது, சயனைட் தரும் சேர்மங்கள் உண்டு. வேகவைத்து நீரைக் கொட்டினால் குறையும். எவ்வளவு குறைந்தது என்று ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்தப் போத்தலில் இருந்ததை நாங்கள் வாயில் வைக்கவில்லை. மரக்கறித் தோட்டங்களில் அடிக்கும் மருந்து பக்கத்து மரத்துப் பழத்தோலில் படிவதும் உண்மை. இவையெல்லாம் தீர்க்கக்கூடிய தடைகள்தான், ஆனால் வீட்டு அடுப்பில் தீர்பவை அல்ல.

காயவைப்பது என்று வந்தால், இந்த மலைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் ஈரமுள்ள கொழுந்தை வாட்டி, அரைத்து, சூட்டில் வைத்து, 3 வீத ஈரத்துக்கு இறக்கி, சல்லடையில் தரம் பிரித்து, நனையாமல் கட்டி அனுப்புவதை 150 ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். பழத்தூளுக்கு வேண்டிய அறிவும் அதுவே: எப்போது சூட்டைக் குறைப்பது, எப்போது புரட்டுவது, கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் சொல்வது. எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், டிரையருக்கு முன்னால் முப்பது வருஷம் நின்ற பெரியவருக்குத் தெரிந்தது எந்தப் பட்டப்படிப்பிலும் இல்லை.

அதற்காகத் தேயிலை ஸ்டோரிலேயே கொய்யாவைக் காயவைக்கலாம் என்று சொல்பவர்கள் தேயிலையை அறியாதவர்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் பழம் காய்ந்தால் அந்தக் கட்டு ஏலத்தில் விலை போகாது. சூடும் ஒத்துவராது. தேயிலை டிரையருக்குள் நுழையும் காற்று 90 பாகை அளவில் இருக்கும்; பழச் சீவலுக்கு 60 பாகையே போதும், கூடினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். வேண்டியது தனிக் கட்டடம், தனி உலர்த்தி. மலையகத்தில் மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வரும். சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, விறகுச் சூளை இருந்த இடம் இருக்கிறது, வேலை தெரிந்தவர்கள் எதிர் லயத்தில் இருக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கும் வெகுதூரம் போக வேண்டாம். வட்டகொடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தலவாக்கலையில், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு செடிக்கு நூறு வருஷ ஆராய்ச்சி! பழத்துக்கு அதில் ஒரு மூலைகூட இந்தப் பக்கத்தில் கிடையாது. சீத்தா எலியவிலும் பண்டாரவளையிலும் விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ளன; கன்னொறுவையில் உணவு ஆராய்ச்சிப் பிரிவு, அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவனம், கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம். இவற்றில் ஒன்றேனும் தோட்டத்து லயத்துக்கு வந்து, இங்கே என்ன மரம் நிற்கிறது, எந்த மாதம் எவ்வளவு வீணாகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் பேசத் தெரிந்த ஒருவர் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த மலைக்கு மூன்று பயிர்கள் அடுத்தடுத்து வந்தன. கோப்பி வந்தது; 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்தது. சிங்கோனா வந்தது, விலை சரிந்து போனது. தேயிலை வந்தது, நின்றது. ஒருமுறையாவது இங்கே என்ன நடுவது, என்ன செய்வது என்று எங்களைக் கேட்டதுண்டா? 1970களில் அரசு தோட்டங்களை எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குக் கொடுத்தபோதும் கேட்கவில்லை. பழத்தூளும் அப்படியே வந்துவிடக் கூடாது. கொழும்பில் ஒரு கம்பனி உலர்த்தி போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று தோலை எடுத்து, இயற்கைக் குழம்பாக்கி என்று வெளிநாட்டுக்கு விற்று, எங்களுக்கு இன்னொரு நிறுவைத் தராசை நீட்டினால், கொழுந்துக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும். உலர்த்தியும் அரைக்கும் இயந்திரமும் தோட்டத்துப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். லயத்தைச் சுற்றியுள்ள அந்தச் சிறு துண்டு நிலத்துக்கும் அதில் நிற்கும் மரத்துக்கும் எழுத்தில் உரிமை வேண்டும். மரம் யாருடையது என்பதே தெரியாமல் யார் கவாத்து வெட்டிப் பராமரிப்பார்?

முதலில் விற்கவேண்டிய இடமும் ஏற்றுமதிச் சந்தை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17 வீதம்; தோட்டத் துறையில் மட்டும் 32 வீதம். பழத்தூள் இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். இது சம்பளமும், தாயின் ஓய்வும், நல்ல தண்ணீரும், முட்டையும் பாலும் சேர்ந்த கதை. ஆனால் பிள்ளைக் காம்பராவில் கொடுக்கும் பிஸ்கட்டுக்கும் பணிஸுக்கும் பதிலாக, கொய்யாத்தூள் கலந்து தேங்காய்ப்பாலில் பிசைந்த ஒரு ரொட்டியை அந்தத் தோட்டத்திலேயே சுட முடியும். எண்ணெய் பிரியாது, மெத்தென்று இருக்கும், நாரும் சேரும். என்ன போட்டார்கள் என்று கேட்டால் ஆயம்மாவே பதில் சொல்வார்.

நாங்கள் போத்தல் குலுக்கிய செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. தொங்கல் காம்பரா அக்கா கொடித்தோடைத் தோலை வீசாமல் வேகவைத்துக் காயவைத்து, உரச்சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். “இத யாருக்குக் குடுக்கிறது தம்பி?” என்றார். உரச்சாக்கு வேண்டாம் அக்கா, மருந்து ஒட்டியிருக்கும் என்று சொல்லி, புதுப் பையில் மாற்றி வாங்கிவைத்தோம். அடுத்த வாரம் கன்னொறுவைக்குப் போகிறேன். அந்தப் பையையும் எங்கள் கொய்யாத்தூளையும் கொடுத்து, ஈரம், புளிப்பு, சயனைட், மருந்து எச்சம், எவ்வளவு எண்ணெயை எத்தனை நாள் தாங்கும் என்ற ஐந்தையும் அளந்து, முடிவைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்கப்போகிறேன்.